குறைப்பிரசவம்: அறிகுறி தென்படும் நாள் முதல் குழந்தை வீட்டில் தேறும் நாள் வரை, வாரக் கணக்கில் ஒரு முழுமையான வழிகாட்டி

கர்ப்பத்தை மாதத்தில் எண்ணுவதுதான் பெரும்பாலானோரின் பழக்கம். ஏழு மாதம் முடிந்துவிட்டது, எட்டாவது நடக்கிறது என்று சொன்னால் கேட்பவருக்கும் அது போதுமானதாக இருக்கிறது. ஆனால் நாள் நிறையும் முன்பே குழந்தை பிறந்துவிடுமோ என்ற நிலை வந்துவிட்டால், மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை வாரம், எத்தனை நாள்?" என்பதுதான். 28 வாரத்தில் பிறந்த குழந்தையும் 31 வாரத்தில் பிறந்த குழந்தையும் வீட்டார் பேச்சில் ஏழு மாதக் குழந்தைகளே. ஆயினும் மூச்சுவிடும் திறனிலும், மூளையில் இரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்திலும், பாலைச் செரிக்கும் வலுவிலும் அவை இரண்டும் ஒன்றல்ல. அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் வாரக் கணக்கிலேயே செல்கிறது.

37 வாரம் நிறையும் முன் நிகழும் பிரசவமே குறைப்பிரசவம். அதற்குள்ளும் 28 வாரத்துக்கு முன், 28 முதல் 32 வாரத்துக்குள், 32 முதல் 37 வாரத்துக்குள் என மூன்று நிலைகள் உண்டு. குறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை மூன்றாவது நிலையைச் சேர்ந்தவை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள், அதாவது பத்தில் ஒரு குழந்தை, குறைமாதத்தில் பிறந்தன. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணத்துக்கு முதன்மையான காரணமும் இதுவே.

ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை பிழைக்காது என்றொரு நம்பிக்கை உண்டு. பழங்காலக் கிரேக்க மருத்துவத்திலேயே காணப்படும் அளவுக்கு அது பழையது, முற்றிலும் தவறானதும்கூட. கருப்பை பாதுகாப்பாக இருக்கும்வரை அங்கே கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு வலுவைத்தான் சேர்க்கிறது. 34 வாரத்தில் பிறக்கும் குழந்தைக்கு 30 வாரத்தில் பிறக்கும் குழந்தையைவிட எல்லா வகையிலும் வாய்ப்பு அதிகம்.

1. வாரக் கணக்கை உறுதி செய்துகொள்ளுங்கள்

கடைசி மாதவிடாய் தொடங்கிய முதல் நாளிலிருந்து 280 நாள்கள், அதாவது 40 வாரங்கள், முழுக் கர்ப்ப காலம். மாதவிடாய் ஒழுங்கற்று வருபவர்களுக்கு இந்தக் கணக்கு பிசகும். அதைச் சரிசெய்யக்கூடியது முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்கப்படும் ஸ்கேன்தான். அந்தக் கட்டத்தில் கருவின் நீளத்தை வைத்துச் சொல்லப்படும் வயது ஒரு வாரத்துக்கு மேல் தவறுவதில்லை. பிந்தைய மாதங்களில் குழந்தைக்குக் குழந்தை வளர்ச்சி வேறுபடுவதால் ஸ்கேனின் துல்லியம் குறைந்துகொண்டே போகிறது. முதல் ஸ்கேன் அறிக்கையைப் பத்திரப்படுத்தி, அதில் உள்ள பிரசவ நாளைக் கைபேசியிலும் பதிந்துவையுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் அந்த ஒரு தேதியைச் சார்ந்தே எடுக்கப்படும்.

2. உங்களுக்கு வாய்ப்பு கூடுதலா என்று அறிந்துகொள்ளுங்கள்

ஏற்கெனவே ஒருமுறை குறைப்பிரசவம் நேர்ந்திருப்பது மிக வலுவான எச்சரிக்கை. இரட்டைக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவை 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகின்றன. கருப்பை வாயில் முன்பு அறுவை சிகிச்சை செய்திருப்பது, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், பனிக்குட நீர் அளவுக்கு மீறி இருப்பது, புகைபிடித்தல், ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இடையே போதிய இடைவெளி இல்லாமை ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. சிறுநீரில் கிருமி இருந்தும் எரிச்சலோ காய்ச்சலோ காட்டாமல் இருக்கக்கூடும். எந்தத் தொந்தரவும் இல்லையென்றாலும் கர்ப்ப காலத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான்.

24 வாரத்துக்கு முன் எடுக்கப்படும் ஸ்கேனில் கருப்பை வாயின் நீளம் 25 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அது குறுகியதாகக் கொள்ளப்படும். அத்தகையவர்களுக்குப் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரையைப் பிறப்புறுப்பு வழியாக வைப்பதும், சிலருக்குக் கருப்பை வாயில் தையல் போடுவதும் பிரசவத்தைத் தள்ளிப்போட உதவுகின்றன. மாறாக, நாள் முழுவதும் படுத்தே இருப்பது குறைப்பிரசவத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அசையாமல் படுத்திருப்பதால் கால் இரத்தக்குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்துதான் கூடுகிறது.

பல குறைப்பிரசவங்களுக்குக் காரணமே தெரிவதில்லை. மாடிப்படி ஏறினேன், பயணம் போனேன், ஒரு நாள் அழுதுவிட்டேன் என்று தாய் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்வதும், சுற்றத்தார் அதற்குத் தலையாட்டுவதும் மிகவும் கொடுமையான செயல். அன்றாட வேலைகள் குறைப்பிரசவத்தை வரவழைப்பதில்லை என்பதை அவரிடம் ஒருமுறை அல்ல, பலமுறை சொல்லுங்கள்.

3. இரத்த அழுத்தத்தைத் தனியாகக் கவனியுங்கள்

குறைப்பிரசவம் என்றாலே தானாக வலி எடுத்து நிகழ்வது என்று எண்ணிவிடக் கூடாது. தாயின் உயிரையோ குழந்தையின் உயிரையோ காக்க மருத்துவர்களே முன்கூட்டிப் பிரசவிக்கச் செய்யும் சூழ்நிலைகள் பல. அவற்றில் முதலிடம் முன்சூல்வலிப்பு எனப்படும் நோய்க்கு. 20 வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறி, சிறுநீரில் புரதம் வெளியேறுவதோ, கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் பாதிக்கப்படுவதோ இதன் அடையாளம். 160/110-ஐத் தொட்டுவிட்டால் அது அவசர நிலை.

மாத்திரைக்கு அடங்காத தலைவலி, கண்ணில் ஒளிப்புள்ளிகள் பறப்பது அல்லது பார்வை மங்குவது, வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குவது ஆகிய நான்கையும் மனப்பாடமாக வைத்திருங்கள். விலாவுக்குக் கீழே வரும் அந்த வலியை நெஞ்செரிச்சல் என்று தள்ளிவிட்டுத் தாமதமாக வருபவர்கள் பலர். அது கல்லீரல் வீங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி பயன்படுகிறது. இந்த நோய் தணியத் தொடங்குவது நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகுதான் என்பதால், குழந்தைக்கு இன்னும் எத்தனை நாள் வாங்கித் தர முடியும், தாய்க்கு எத்தனை நாள் பாதுகாப்பு என்ற இரண்டையும் நிறுத்துப் பார்த்தே மருத்துவர் முடிவெடுக்கிறார். ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்கு 12-ஆம் வாரத்தையொட்டிக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவது இந்நோயின் வாய்ப்பைக் குறைக்கிறது. ஆனால் அதை மருத்துவர் சொல்லாமல் தானாகத் தொடங்கக் கூடாது.

4. வலியைக் கையால் அளந்து பாருங்கள்

கர்ப்பத்தின் பிற்பாதியில் வயிறு அவ்வப்போது இறுகித் தளர்வது இயல்பு. பொய்வலியா, உண்மை வலியா என்று பிரித்தறிய இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்து, விரல்களை விரித்துத் தொப்புளுக்கு மேலே வயிற்றில் வையுங்கள். இறுக்கம் வரும்போது வயிறு நெற்றியைத் தொடுவதுபோல் கெட்டியாகும்; தளரும்போது கன்னத்தைத் தொடுவதுபோல் மெத்தென்று ஆகும். ஒரு இறுக்கம் தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். ஓய்வெடுத்து, நீர் அருந்தி, சிறுநீர் கழித்த பின் அடங்கிப்போனால் பெரும்பாலும் அது பொய்வலி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அல்லது அதைவிட அடிக்கடி சீராக வந்தால், வலி மிகவில்லை என்றாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

குறைப்பிரசவ வலி எப்போதும் கடுமையாக இருப்பதில்லை. மாதவிடாய் வலிபோல அடிவயிற்றில் மந்தமாக, இடுப்பின் பின்புறம் விட்டுவிட்டு, அல்லது குழந்தை கீழே அழுத்துவதுபோல் மட்டுமே தோன்றலாம். நீர்போன்ற கசிவு இருந்தால் சுத்தமான பேடை வைத்து நிறத்தையும் வாடையையும் கவனித்து, அந்தப் பேடையே மருத்துவரிடம் காட்டுங்கள். பனிக்குடம் உடைந்திருக்கக்கூடும் என்ற நிலையில் உள்ளே எதையும் வைக்கக் கூடாது. வலியில்லாத இரத்தப்போக்கு நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்துக் கிடப்பதாலும், பலகைபோல் இறுகிய வயிற்றோடு விடாத வலி நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவதாலும் இருக்கலாம். பின்னதில் இரத்தம் வெளியே தெரியாமலும் போகலாம். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

"போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டால்?" என்ற கூச்சம் பலரைத் தடுக்கிறது. பத்து முறை திருப்பி அனுப்பப்பட்டாலும் பதினோராவது முறையும் போகலாம், போகத்தான் வேண்டும்.

5. பிரசவத்துக்கு முந்தைய மணி நேரங்களை வீணாக்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் கொள்ள முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். குறைமாதக் குழந்தையின் உயிரைக் காக்கும் மிக முக்கியமான மருந்துகளில் ஒன்று, குழந்தை பிறக்கும் முன்பே தாய்க்குப் போடப்படும் ஸ்டீராய்டு ஊசி. நியூசிலாந்தைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் கிரஹாம் லிகின்ஸ், செம்மறியாடுகளில் செய்த ஆய்வின்போது, ஸ்டீராய்டு பெற்ற குறைமாதக் குட்டிகள் எதிர்பாராத வகையில் மூச்சுவிட்டதைக் கண்டார். அவரும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியும் சேர்ந்து தாய்மார்களிடம் நடத்திய ஆய்வு 1972-இல் வெளியானது. இன்று பொதுவாக 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவம் நெருங்கும் தாய்க்குப் பீட்டாமெத்தசோன் 12 மில்லிகிராம் 24 மணி நேர இடைவெளியில் இருமுறையோ, டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம் 12 மணி நேர இடைவெளியில் நான்கு முறையோ போடப்படுகிறது. நுரையீரல் முதிர்வதோடு, மூளையில் இரத்தக் கசிவும் குடல் அழுகல் நோயும் குறைகின்றன. முழுப்பலன் கிடைக்க ஒரு நாளாவது ஆகும்; ஒரு வாரத்துக்குப் பின் பலன் குறையத் தொடங்குகிறது. வலி தொடங்கிய மாலையே கிளம்பியவருக்கும் விடியட்டும் என்று காத்திருந்தவருக்கும் உள்ள வேறுபாடு இந்த ஊசி வேலை செய்வதற்குக் கிடைத்த நேரம்தான்.

பிரசவத்தை ஏறத்தாழ இரண்டு நாள்கள் தள்ளிப்போட நிஃபெடிபின் போன்ற மருந்துகள் தரப்படுவதும் இந்த அவகாசத்துக்காகவே. 32 வாரத்துக்கு முன் பிரசவம் நிகழப்போகிறது என்றால் மெக்னீசியம் சல்பேட் தருவது குழந்தைக்கு மூளைமுடக்குவாதம் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. பனிக்குடம் உடைந்திருந்தால் ஆன்டிபயாடிக் சேர்க்கப்படும்.

பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத இடத்தில் சேர்ந்திருந்தால், பயணம் பாதுகாப்பானதா என்று மருத்துவர் பார்த்த பின், குழந்தை வயிற்றில் இருக்கும்போதே அந்த வசதியுள்ள மருத்துவமனைக்கு மாறுவது நல்லது. பிறந்த பின் ஆம்புலன்ஸில் கொண்டுபோவதைவிட, தாயின் கருப்பையே சிறந்த வாகனம். போகும்போது முதல் ஸ்கேன் அறிக்கை, இரத்த வகை, இதுவரை போட்ட ஊசிகளின் நேரம் எழுதிய தாள் ஆகியவை கையில் இருக்கட்டும்.

6. பிறந்த முதல் மணி நேரம்

குழந்தை உடனே உயிர்ப்பூட்டல் தேவைப்படாத நிலையில் இருந்தால், தொப்புள்கொடியை வெட்ட ஒரு நிமிடமாவது காத்திருக்கிறார்கள். அந்த ஒரு நிமிடத்தில் நஞ்சுக்கொடியிலுள்ள இரத்தம் குழந்தைக்குள் சேர்கிறது. 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தையைத் துடைக்காமலேயே கழுத்துவரை ஒரு பிளாஸ்டிக் பையில் பொதிந்து வைப்பதைப் பார்க்கும் தந்தையர் சிலர் அதிர்ந்துபோவதுண்டு. ஈரம் ஆவியாகும்போது உடல் சூடும் போய்விடும் என்பதற்காகச் செய்யப்படும் பாதுகாப்பு அது. குழந்தையின் வெப்பநிலை 36.5 முதல் 37.5 செல்சியஸுக்குள் நிற்க வேண்டும்.

7. தீவிர சிகிச்சைப் பிரிவில் என்ன நடக்கிறது

நுரையீரலின் நுண்ணறைகள் மூச்சை வெளியே விடும்போது ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருள். அது போதாத குழந்தையின் நுண்ணறைகள், நனைந்த இரண்டு பிளாஸ்டிக் தாள்களைப் போல ஒவ்வொரு மூச்சிலும் ஒட்டிக்கொள்கின்றன; பிரித்துப் பிரித்தே குழந்தை களைத்துவிடுகிறது. விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளிழுக்கப்படுவதும், ஒவ்வொரு மூச்சிலும் எழும் மெல்லிய முனகலும் அந்தப் போராட்டத்தின் அறிகுறிகள். இந்தக் குறைபாடுதான் காரணம் என்பதை அமெரிக்க மருத்துவர் மேரி எலன் ஏவரி 1959-இல் காட்டினார். இன்று மூக்கின் வழியாக இடைவிடாத காற்றழுத்தம் தரும் சிபாப் கருவியும், தேவைப்பட்டால் மூச்சுக்குழாய்க்குள் செலுத்தப்படும் சர்ஃபாக்டன்ட் மருந்தும் பெரும்பாலான குழந்தைகளைக் கரையேற்றிவிடுகின்றன.

மூளையிலுள்ள மூச்சுக் கட்டுப்பாடு முதிராததால் 20 விநாடிகளுக்கு மேல் மூச்சு நின்றுபோவது உண்டு. அதற்குத் தரப்படும் மருந்து காஃபின். பெயரைக் கேட்டுத் திகைக்க வேண்டாம், மிகவும் பயனுள்ளதாக நிறுவப்பட்ட மருந்து அது. மூளையில் இரத்தக் கசிவு பெரும்பாலும் முதல் மூன்று நாள்களுக்குள் ஏற்படுவதால், உச்சிக்குழி வழியாக ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். முதலிரண்டு நிலைகளோடு நின்ற கசிவு பெரும்பாலும் பெரிய பாதிப்பை விடுவதில்லை. மூன்றாம், நான்காம் நிலைகளுக்கு நீண்ட காலக் கண்காணிப்பு வேண்டும். வயிறு உப்புவது, பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் இரத்தம் ஆகியவை குடல் அழுகல் நோயின் அறிகுறிகள். உடனே பால் நிறுத்தப்படும். மஞ்சள் காமாலைக்கு நீல ஒளி, இரத்தச் சர்க்கரை குறைந்தால் குளுக்கோஸ், இதயத்தருகே மூட வேண்டிய இரத்தக்குழாய் மூடாதிருந்தால் காத்திருப்பதோ மருந்தோ என மற்றவை தொடரும்.

கண்ணைப் பற்றி மட்டும் பெற்றோரே விழிப்போடு இருக்க வேண்டும். முதிராத விழித்திரையில் இரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கும் நோய் உண்டு. கட்டுப்பாடின்றித் தரப்படும் ஆக்சிஜன் அதைத் தீவிரமாக்கும். வெளியே பார்த்தால் கண் முற்றிலும் இயல்பாகவே இருக்கும். முதல் பரிசோதனை பொதுவாகக் குழந்தை பிறந்த நான்கு வாரங்களுக்குள் நடக்க வேண்டும், மிகக் குறைந்த வாரத்தில் பிறந்தவற்றுக்கு அதற்கும் முன்பே. அதற்குள் வீடு திரும்பிவிட்டால் தேதியைத் தவறவிடும் வாய்ப்பு அதிகம். உரிய நேரத்தில் லேசர் சிகிச்சையோ கண்ணுக்குள் ஊசியோ கிடைத்தால் பார்வையைக் காப்பாற்றலாம். விழித்திரை பிரிந்த பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை.

8. பாலும் தோலும்

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, தான் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று தாய் நினைக்கும் நேரத்தில், வேறு யாராலும் தர முடியாத இரண்டு சிகிச்சைகள் அவரிடமே இருக்கின்றன.

முதலாவது பால். பிரசவமான சில மணி நேரங்களுக்குள், இயன்றால் முதல் மணி நேரத்திலேயே, கையால் பீய்ச்சத் தொடங்க வேண்டும். முதலில் வருவது சில துளிகளே: மஞ்சள் நிறமான, கெட்டியான சீம்பால். இவ்வளவுதானா என்று மனம் தளர வேண்டாம். ஊசியில்லாத சிறு சிரிஞ்சில் அந்தத் துளிகளைச் சேகரித்துத் தந்தால், அவற்றைக் குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தில் தடவுவார்கள். ஒரு நாளில் எட்டு முறைக்குக் குறையாமல், இரவிலும் ஒரு முறையாவது பீய்ச்சினால்தான் சுரப்பு நிலைக்கும். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது ஆகிய மூன்றையும் ஒருங்கே செய்யும் திறன் ஏறத்தாழ 34 வாரத்தில்தான் வருகிறது; அதுவரை பால் குழாய் வழியே செல்லும். குடல் அழுகல் நோயிலிருந்து காப்பதில் தாய்ப்பாலுக்கு நிகரானது வேறில்லை. தாய்ப்பால் கிடைக்காதபோது பால் வங்கியின் பாதுகாக்கப்பட்ட பால் அடுத்த தெரிவு.

இரண்டாவது, கங்காரு முறை. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், குழந்தைகளை வெதுவெதுப்பாக வைக்கும் பெட்டிகளான இன்குபேட்டர்கள் போதாத நிலையில், எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் தொடங்கிய முறை இது. இன்குபேட்டருக்கு மாற்று என்று தொடங்கியது, இன்று அதற்கு மேலானது என்ற இடத்துக்கு வந்துவிட்டது: பிறந்த உடனேயே தொடங்கி நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. டயப்பரும் தொப்பியும் மட்டும் அணிந்த குழந்தையை, தாயின் மார்புகளுக்கு நடுவே, நெஞ்சோடு நெஞ்சு படும்படி நிமிர்த்தி வைக்க வேண்டும். தலை ஒருபக்கம் திரும்பி, முகவாய் மார்பில் புதையாமல் சற்றே நிமிர்ந்திருக்க வேண்டும். கால்கள் தவளைபோல் மடங்கியிருக்கும். துணியின் மேல் விளிம்பு காதுக்குக் கீழே வரும்படி கட்டி, தாய் சாய்ந்து அமர்ந்துகொள்ள வேண்டும். சற்று நேரத்தில் மானிட்டரில் இதயத் துடிப்பு சீராவதைப் பல தாய்மார் தம் கண்ணாலேயே காண்கிறார்கள். தந்தையும் இதைச் செய்யலாம், செய்ய வேண்டும்.

தொடும் முன் ஒவ்வொரு முறையும் முழங்கை வரை கை கழுவுங்கள். வருடிக் கொடுப்பது மிகச் சிறிய குழந்தைகளைப் பதறச் செய்யும். ஒரு கையைத் தலையிலும் மற்றொன்றைப் பாதங்களிலும் அசையாமல் வைத்திருப்பதே அவற்றுக்கு இதமான தொடுதல்.

9. வீட்டுக்கு வரும்போது

திறந்த தொட்டிலில் வெப்பம் குறையாமல் இருப்பது, வாயாலேயே முழுப் பாலையும் குடிப்பது, எடை தொடர்ந்து கூடுவது, சில நாள்களாக மூச்சு நின்றுபோகாமல் இருப்பது ஆகியவை நிறைவேறிய பின்பே அனுப்புவார்கள். செவித்திறன் பரிசோதனை முடிந்ததா, கண் பரிசோதனை தேதி என்ன, இரும்புச்சத்தும் வைட்டமின் டி சொட்டு மருந்தும் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். மருத்துவமனையில் சில குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைத்திருப்பார்கள். அது மானிட்டர் இருக்கும் இடத்துக்கு மட்டும் உரியது. வீட்டில் எப்போதும் மல்லாந்தே, தலையணையும் தளர்ந்த போர்வையும் இல்லாமல் உறங்க வைக்க வேண்டும்.

பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, முழு நிமிடம் எண்ணிப் பார்த்ததில் மூச்சு 60 அல்லது அதற்கு மேல் இருப்பது, மூச்சில் நெஞ்சு உள்ளிழுப்பது, உதடு நீலமாவது, வலிப்பு, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாவது, வெப்பநிலை 38 செல்சியஸைத் தொடுவது, அல்லது தோலோடு தோல் அணைத்தும் 36.5-க்கு மேல் ஏறாதிருப்பது: இவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வளர்ச்சியைப் பார்க்கத் திருத்திய வயதைப் பயன்படுத்துங்கள். 28 வாரத்தில் பிறந்த குழந்தை 12 வாரம் முந்தி வந்துள்ளது. பிறந்து ஆறு மாதமானபோது அதனிடம் எதிர்பார்க்க வேண்டியது மூன்று மாதக் குழந்தையின் திறன்களையே. இரண்டு வயதுவரை இவ்வாறு கழித்துப் பார்ப்பது வழக்கம். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் பொருந்தாது. அது பிறந்த நாளிலிருந்து எண்ணியே போடப்படும்.

10. தாயின் உடல், அடுத்த கர்ப்பம்

எல்லாருடைய கண்ணும் குழந்தையின் மேல் இருக்கும்போது தாயின் இரத்த அழுத்தத்தை யாரும் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். முன்சூல்வலிப்பு பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரைகூட வரக்கூடும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் அழுகை, உறக்கமின்மை, குழந்தையிடம் ஒட்டாத உணர்வு ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகளாக இருக்கலாம்; அதற்கும் சிகிச்சை உண்டு, கேட்பதில் வெட்கமில்லை.

அடுத்த கர்ப்பத்துக்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டுகள் இடைவெளி விடுமாறு உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. மருத்துவமனை தந்த விடுவிப்புச் சுருக்கத்தில் எத்தனை வாரத்தில் பிரசவம், வலி தானாக வந்ததா, பனிக்குடம் முதலில் உடைந்ததா, இரத்த அழுத்தம் காரணமா என்பவை தெளிவாக எழுதப்பட்டுள்ளனவா என்று பார்த்து, இல்லையென்றால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மீண்டும் கருவுற்றது உறுதியானதும் முதல் சந்திப்பிலேயே அந்தத் தாளை மருத்துவரிடம் கொடுங்கள். ஆஸ்பிரின் வேண்டுமா என்று முடிவுசெய்ய 12-ஆம் வாரமும், கருப்பை வாயின் நீளத்தை அளக்கத் தொடங்க 16-ஆம் வாரமும் தவறிவிடாமல் இருக்க அது வேண்டும்.